மேல்மலையில் மார்கழி

மார்கழி பிறந்ததும் மதுரை வீடுகளில் குளிரை முதலில் அறிவிப்பது தேங்காய் எண்ணெய் பாட்டில்தான். சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் அந்த எண்ணெய் உறையத் தொடங்கும். விடியற்காலையில் பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டியிருக்கும். வெயில் ஏறியதும் இளகிவிடும். டிசம்பர், ஜனவரியில்கூட மதுரையின் இரவு வெப்பநிலை சராசரியாக 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. அதற்கே டீக்கடை வாசலெல்லாம் மப்ளர் மயம். கோலம் போட உட்காரும் அம்மா, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்கு முதலில் குல்லாவை மாட்டிவிட்டுத்தான் புள்ளி வைக்கிறாள்.

ஊரைச் சுற்றியுள்ள வயல்வெளியில் இந்தக் குளிர் காசாகக் கணக்கில் ஏறும். பனி இறங்கிவிட்டால் மல்லிகைச் செடியில் மொட்டு குறைந்துவிடும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, மற்ற மாதங்களில் கிலோ சில நூறு ரூபாய்க்குப் போவதும், மார்கழியிலும் தை முகூர்த்த நாள்களிலும் ஆயிரங்களைத் தொடுவதும் ஆண்டுதோறும் நடப்பதுதான். சமவெளிக்குக் குளிர் என்றால் இவ்வளவே: எண்ணெய் உறையும், பூ விலை ஏறும், பிள்ளைகளுக்கு ரெண்டு நாள் சளி பிடிக்கும்.

அதே விடியலில், மதுரைக்கு வடமேற்கே 120 கிலோமீட்டர் தள்ளி, புல்வெளி வெள்ளையாக விறைத்துக் கிடக்கிறது. கொடைக்கானலில் ஜனவரி இரவின் சராசரி வெப்பநிலை சுமார் 8 டிகிரி. உறைபனி விழும் நாள்களில் புல்மட்டத்தில் அது பூஜ்ஜியத்துக்கும் இறங்கிவிடும். கொடைக்கானலையும் தாண்டி மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி, கவுஞ்சி, கிளாவரை என்று நீளும் ஊர்களை அந்தப் பக்கத்தில் மேல்மலை என்பார்கள். பனி பார்க்க வருகிறவர்கள் இரண்டு நாளில் இறங்கிவிடுவார்கள். மேல்மலைக் குடும்பங்களோ கைக்குழந்தையும் பள்ளிப் பிள்ளையுமாக அந்தக் குளிருக்குள்ளேயே கார்த்திகைக் கடைசி முதல் மாசி வரை குடித்தனம் நடத்துகின்றன.

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் அரையாண்டு விடுமுறைக் காலத்தில் கொடைக்கானல் பேருந்து நிரம்பித்தான் புறப்படுகிறது. சுற்றுலாக் குடும்பங்கள் புது ஸ்வெட்டரும் முறுக்குப் பொட்டலமுமாக முன்வரிசையைப் பிடித்துவிடுகின்றன. பின்வரிசையில் மேல்மலைக் குடும்பங்கள். பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்த மருமகளையும் பேரனையும் அழைத்துப்போகும் மாமியார், பெரியாஸ்பத்திரியில் பிள்ளையைக் காட்டிவிட்டுத் திரும்பும் தாய், காய்கறிக் கணக்கு முடித்துவிட்டு வரும் அப்பா. சமயநல்லூர், வாடிப்பட்டி, நிலக்கோட்டை என்று வண்டி போகும்வரை எல்லாரும் ஒரே ஊர்க்காரர்களாகத்தான் தெரிகிறார்கள். ஜன்னல்கள் திறந்தே இருக்கின்றன. வத்தலக்குண்டு தாண்டி மலைச்சாலையில் வளைவுகள் தொடங்கியதும் இரு வகையினரும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கிறார்கள். ஒரு பக்கம் பிள்ளைகளைத் தூக்கி ஜன்னலில் நிறுத்தி மஞ்சளாறு அணையைக் காட்டுகிறார்கள். இன்னொரு பக்கம் கண்ணாடியை இழுத்துச் சாத்துகிறார்கள்.

“ஏத்தா, ஊத்து வளைவு வந்துருச்சு. பிள்ளை காதை மூடு.”

“இப்பத்தான் அத்தை தூங்குறான்.”

“தூங்கட்டும், தூங்கட்டும். நெஞ்சோட அணைச்சு, மேல சேலையப் போர்த்திக்க. பெருமாள்மலை தாண்டுனா காத்து வேற மாதிரி இருக்கும்.”

மாமியார் சொன்னதில் பிழையே இல்லை. உயரம் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் கூடும்போதும் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போவதற்குள் சாலை ஏறத்தாழ 1,800 மீட்டர் ஏறிவிடுகிறது. அதாவது இரண்டு மணி நேரத்துக்குள் பத்துப் பன்னிரண்டு டிகிரி இறக்கம். பெரியவர்களுக்கு உடம்பு நடுங்கும். அந்த நடுக்கமே சூட்டை உண்டாக்கும். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது சூடு தேட வேண்டும். எடைக்கு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு அதிகம், தலையும் பெரியது. ஆகவே சூடு வேகமாக வெளியேறும். பச்சிளம் குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதற்கு மிக எளிய வழி தாயின் மார்புச் சூடு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாமல் தவித்தபோது, எட்கர் ரே என்ற மருத்துவர் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலோடு தோலாகக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு தாய்ப் பராமரிப்பு என்று இன்று அரசு மருத்துவமனைகளில் சொல்லித்தருவது அதைத்தான். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படி அணைத்துவைத்தால், முதல் 28 நாள்களில் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று அது காட்டியது. ஊத்து வளைவில் மருமகளுக்குக் கிடைத்த அறிவுரை அதே வழியைத்தான் சொல்கிறது.

குழந்தைகளோடு மதுரையிலிருந்து இந்த மலைக்கு ஏறியதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. அது குளிரைத் தேடிப் போன கதை. 1834இல் மதுரையில் காலூன்றிய அமெரிக்க மதுரை மிஷன் குடும்பங்கள், சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆள்களை வரிசையாகப் பறிகொடுத்தன. முதலில் திண்டுக்கல் அருகே சிறுமலையில் ஓய்விடம் அமைத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் எட்டாத உயரம் அதற்கில்லை. 1845இல் பழனி மலையின் மேலே சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். கொடைக்கானல் நகரின் தொடக்கம் அதுதான். அப்போது பேருந்துச் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து பெண்களையும் குழந்தைகளையும் நாற்காலியில் வைத்து ஆள்கள் சுமந்தே மேலே கொண்டுபோனார்கள். வத்தலக்குண்டு வழிச் சாலை 1914இல்தான் முடிந்தது. மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி.

அவர்கள் வருவதற்கு முன்பே மேல்மலையில் ஊர்கள் இருந்தன. 1821இல் லெப்டினன்ட் வார்டு பழனி மலையை அளக்க வந்தபோது, வயலும் வீடுமாகக் குடும்பங்கள் இங்கே வாழ்ந்துகொண்டிருந்தன. வெளியூர்க்காரர்களுக்குக் குளிர் மருந்தாக இருந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு அது ஆண்டில் மூன்று மாதம் வீட்டுக்குள் வந்து உட்காரும் விருந்தாளி.

கொடைக்கானல் ஏரிக்கரையில் காலை ஏழு மணிக்குச் சுற்றுலாக் குடும்பங்கள் பனி பார்க்க நிற்கின்றன. புல்நுனியில் படிந்த வெண்படலத்தைப் பிள்ளைகள் விரலால் சுரண்டிப் பார்த்துக் கத்துகிறார்கள். கேமராக்கள் ஓய்வதில்லை. பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கிறது; ஸ்வெட்டர்கள் இடுப்புக்கு இறங்குகின்றன. ஜனவரியின் பகல் வெப்பநிலை இங்கே 17, 18 டிகிரி வரை ஏறும். ஒரே நாளில் பத்து டிகிரி ஏற்ற இறக்கம் பிள்ளைகளைப் படுத்திவிடும். ஒரு கனத்த கோட்டை மாட்டிவிடுவதைவிட, மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றுவது நல்லது. உடைகளுக்கிடையே அடைபட்ட காற்றுதான் குளிரைத் தடுக்கிறது.

நகரிலிருந்து மேற்கே 20 கிலோமீட்டருக்குள் பூம்பாறை. சாலையின் உயரமான திருப்பத்திலிருந்து பார்த்தால், படிப்படியாக வெட்டிய பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே, சரிவில் தோளோடு தோள் உரசி நிற்கும் வீடுகள் தெரியும். அந்த நெருக்கத்துக்குக் காரணம் உண்டு. மேகமில்லாத, காற்று அசையாத இரவில் நிலத்தின் சூடு நேராக வானத்துக்குப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் உறைபனி முதலில் விழுவது பள்ளத்தாக்கிலும் ஓடையோரத்திலும்தான். சரிவில் ஒன்றையொன்று ஒட்டிக் கட்டிய வீடுகள் பனித் தேக்கத்துக்கு மேலே நிற்கின்றன. ஒரு வீட்டின் சுவர் அடுத்த வீட்டைக் காற்றிலிருந்து காக்கிறது.

ஊரின் நடுவில் குழந்தை வேலப்பர் கோயில். போகர் நவபாஷாணத்தில் செய்ததாக நம்பப்படும் முருகன் சிலை இங்கே இருக்கிறது. அருணகிரிநாதர் இந்த ஊரில் இரவு தங்கியபோது ராட்சசி ஒருத்தி அவரைக் கொல்ல வந்தாள் என்றும், முருகன் குழந்தை வடிவில் வந்து அவரைக் காத்தான் என்றும் ஊரார் சொல்கிறார்கள். குளிர் கெட்டியாக இருக்கும் காலத்தில்கூட இளம் தாய்மார்கள் பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு சன்னிதிக்கு வருகிறார்கள். கம்பளிக்குள்ளிருந்து மூக்கும் கண்ணும் மட்டும் எட்டிப் பார்க்கும்.

பூம்பாறையில் ஒரு வீட்டின் காலை ஆறு மணி. கதவைத் திறந்தால் முதலில் வருவது புகையும் பூண்டு வாசனையும். விறகடுப்புக்கு மேலே மூங்கில் கழியில் பூண்டுக் கொத்துகள் வரிசையாகத் தொங்குகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அறுவடையான பூண்டை அடுப்புப் புகையில் இப்படிக் காயவைத்தால் பல மாதம் கெடாது. அடுப்பைச் சுற்றி வீடே உட்கார்ந்திருக்கிறது. அப்பத்தா மடியில் ஆறு மாதப் பிள்ளை. நாலு வயதுப் பெண் அடுப்பைப் பார்த்தபடி முழங்காலைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அடுப்பின் விளிம்பில் தேங்காய் எண்ணெய் பாட்டில் நிற்கிறது; மார்கழி முழுக்க அதன் இடம் அங்கேதான். பக்கத்தில் இட்லி மாவு வாளி, பழைய கம்பளியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. மதுரையில் ஒரே இரவில் பொங்கி வழியும் மாவு இங்கே மறுநாள் சாயங்காலம் வரை அசையாமல் கிடக்கும். முந்தின நாள் துவைத்த குழந்தைத் துணிகள் கொடியில் இன்னும் ஈரமாகவே தொங்குகின்றன. ஒவ்வொன்றாக எடுத்து அடுப்பின் அனலில் காட்டிக் காட்டித்தான் அம்மா மடிக்கிறாள்.

பருப்பு வேக நேரமெடுக்கிறது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காமல் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். கொதிக்கிற தண்ணீரே சூடு குறைவாக இருப்பதால் பருப்பும் அரிசியும் குழைவதில்லை. குக்கர் இல்லாத காலத்தில் பிள்ளைக்குப் பருப்புச்சாதம் பிசைய, விடியுமுன்னே உலையேற்ற வேண்டியிருந்திருக்கிறது. இப்போது குக்கர் விசில் வீட்டுக்கு வீடு கேட்கிறது.

பிள்ளைக்குத் தண்ணி ஊற்றுவது மேல்மலையில் நண்பகல் வேலை. மதுரைப் பாட்டிகள் காலையிலேயே காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டு ஊற்றிவிடுவார்கள். இங்கே பதினொரு மணி வெயில் முற்றத்துக்கு வர வேண்டும். வெந்நீர், துண்டு, மாற்றுத் துணி, கம்பளி நான்கும் கைக்கெட்டும் தூரத்தில் வந்த பிறகுதான் பிள்ளையின் சட்டை கழலும். தலைக்கு ஊற்றுவது கடைசியில், உடனே துடைத்துவிடுகிறார்கள். ஈரம் காயும்போதுதான் உடம்பு வேகமாகக் குளிர்கிறது. பிறந்த குழந்தையை 24 மணி நேரம் வரை குளிப்பாட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதற்காகத்தான். கடுங்குளிர் நாள்களில் வாரம் இரண்டு முறை தண்ணி ஊற்றி, மற்ற நாள்களில் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடும் வீடுகளும் உண்டு. அதில் எந்தக் குறையும் இல்லை.

தொட்டிலிலும் மாற்றம் உண்டு. சமவெளியில் சேலைத் தொட்டில் காற்றோட்டத்துக்காக. இங்கே அதே காற்று பிள்ளையின் முதுகுக்கு அடியில் குளிரைக் கொண்டுவரும். அதனால் சேலைக்குள் மடித்த கம்பளி ஒன்றை விரிக்கிறார்கள். இரவில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் படுக்கை அம்மாவின் பக்கத்தில்தான். பெரியவர்கள் போர்த்தும் கனத்த கம்பளி கைக்குழந்தையின் முகத்தை மூடிவிடக் கூடாது என்பதில் அப்பத்தாக்கள் கண்ணாக இருக்கிறார்கள்.

சளிக்குக் கற்பூரவல்லி, துளசி, சுக்கு. இவையெல்லாம் தோட்டத்திலும் அஞ்சறைப் பெட்டியிலும் உண்டு. இரண்டு பழக்கங்களில் மட்டும் கவனம் வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவக் கூடாது. அரிதாக அதிலிருக்கும் ஒரு கிருமி பச்சிளம் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இரண்டு வயதுக்குள் நெஞ்சில் தேய்ப்பதும் ஆபத்து. கற்பூரம் உடம்பில் ஏறினால் வலிப்பு வரலாம். பல தலைமுறை கைப்பக்குவத்தை இந்த இரண்டும் கெடுத்துவிடக் கூடாது.

குளிரைவிடப் பெரிய எதிரி சில சமயம் குளிரை விரட்டுகிற வழியில் இருக்கிறது. ஜன்னல் சாத்திய அறையில் விறகுப் புகை நின்றால் அதை முதலில் உள்வாங்குவது தரைமட்டத்தில் படுத்திருக்கும் பிள்ளைதான். வீட்டுப் புகைக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நிமோனியாவுக்கும் உள்ள தொடர்பு உலகெங்கும் உறுதியானது. மேல்மலையில் இப்போது சமையலுக்கு கேஸ் அடுப்பு வந்துவிட்ட வீடுகளிலும், வெந்நீருக்கும் கணப்புக்கும் விறகுதான். புகையாவது கண்ணில் எரிந்து எச்சரிக்கும். கரிக்கணப்பு எச்சரிக்காது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் சின்னப்பள்ளத்தில், இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் விடியலில் எழவில்லை. அவர்கள் சமவெளியிலிருந்து வந்தவர்கள். மேல்மலை வீடுகளில் தூங்கப்போகும் முன் தணலை வாளியில் அள்ளி வாசலில் கொட்டுகிறார்கள். குளிருக்காகப் பிள்ளைகளோடு மலையேறும் ஒவ்வொரு மதுரைக் குடும்பமும் இந்த ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நிமோனியாவை அடையாளம் காண ஒரு கைக்கடிகாரம் போதும். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, கஷாயத்தை நம்பி உட்காரக் கூடாது. கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் இந்தக் கணக்கைத்தான் தாய்மார்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். 2021 ஜூலை முதல் தமிழ்நாட்டில் நிமோகாக்கல் தடுப்பூசி அரசு அட்டவணையில் சேர்ந்துவிட்டது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணை. தனியாரில் பல ஆயிரம் ரூபாய் ஆகும் ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம். குளிர்காலத்துப் பிள்ளைகளுக்குக் கம்பளிக்கு அடுத்து வந்த மிகப் பெரிய பாதுகாப்பு அதுதான்.

ஆனால் ஊசி போட்ட பிறகும் நோய் முற்றினால் தூரம் குறுக்கே நிற்கிறது. மன்னவனூர் பக்கத்துப் பிள்ளை முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், பிறகு கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கும் போக வேண்டும். அங்கேயும் முடியாவிட்டால் மலையிறங்கித் தேனி, திண்டுக்கல் அல்லது மதுரை. மூடுபனி இறங்கிய இரவில் 108 வண்டி வளைவுக்கு வளைவு ஊர்ந்துதான் வர முடியும். அதனாலேயே மேல்மலைத் தாய்மார்கள் சந்தேகம் வந்தால் இருட்டும்வரை காத்திருப்பதில்லை. வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு பெரிய ஆறுதல். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கியது. அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. சமவெளிப் பள்ளியில் அந்த உப்புமாவும் கிச்சடியும் பசியைத் தீர்க்கின்றன. மேல்மலைப் பள்ளியில் அது குளிருக்கான எரிபொருளும்கூட. குளிரில் உடம்பு தன் சூட்டைக் காக்கவே கூடுதலாகச் செலவழிக்கிறது. வெறும் வயிற்றோடு பனியில் நடந்துவரும் பிள்ளையின் விரல் பென்சிலைப் பிடிக்காது. மலைப்பகுதி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ், காலுறை வழங்கும் திட்டமும் நடப்பில் இருக்கிறது. மாநிலம் முழுவதற்கும் ஒரே சட்டை தைக்காமல், மலைக்கென்று தனியாக யோசித்ததால் கிடைத்த நல்ல பலன் அது.

பூம்பாறையிலிருந்து சாலை மேலும் மேற்கே போய் மன்னவனூரில் விரிகிறது. நாலாபுறமும் மலை சூழ்ந்த பரந்த புல்வெளி, நடுவில் ஏரி. குளிர்காற்று வழிந்து தேங்குவதற்கென்றே அமைந்தது போன்ற கிண்ணம். ஜனவரி விடியலில் இந்தப் புல்வெளி முழுக்க வெண்மையாகிறது. எட்டு மணி வெயிலில் ஓரத்திலிருந்து பச்சை மெல்ல மீள்கிறது. அந்தப் பச்சையில் செம்மறிகள் மேய இறங்குகின்றன.

ராஜஸ்தானின் அவிகாநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இங்கே இயங்குகிறது. மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் கிடைகளில் பார்க்கும் கீழக்கரிசல், வேம்பூர் ஆடுகளுக்கு உடம்பில் முடிதான் இருக்கும். அதைக் கம்பளியாக நூற்க முடியாது. சமவெளியின் வெயிலுக்கு அந்த முடியே போதும். மன்னவனூரில் வளர்வது பாரத் மெரினோ. ராஜஸ்தானின் சொக்லா, நாலி ஆடுகளை ரஷ்ய மெரினோ, ராம்புயே கிடாக்களோடு கலந்து உருவாக்கிய இனம். ஆட்டின் ரோமத்தை விரலால் பிளந்து பார்த்தால் வெளிப்புறம் புழுதி படிந்து பழுப்பாக இருக்கிறது. உள்ளே தோலை ஒட்டி, நெளிநெளியாக, பாலின் வெண்மை. விரல் உள்ளே போனதுமே சூடு தெரிகிறது. அந்த நெளிவுகளுக்கிடையே சிக்கிய காற்றுதான் ஆட்டைக் காக்கிறது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. நனைந்த பருத்தியோ உடம்போடு ஒட்டிச் சூட்டை இழுத்துவிடும். குளிரில் குழந்தைக்கு எது ஏற்றது என்று இந்த ஆடுகளே காட்டுகின்றன.

இங்கே ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது: மேல்மலைப் பிள்ளைக்கு அதன் குளிருக்கு ஏற்றது கிடைக்கிறதா? தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்காக 2015இல் குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் தொடங்கப்பட்டது. துண்டு, உடை, சிறு படுக்கை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, கிலுகிலுப்பை, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் என 16 பொருள்கள். அருமையான எண்ணம், ஏழைத் தாய் கையில் அது பெரிய சொத்து. மதுரையில் பிறந்த பிள்ளைக்குக் கொசுவலை உயிர் காக்கும். மன்னவனூரில் மார்கழியில் பிறந்த பிள்ளைக்கு முதல் தேவை அதுவல்ல. பின்லாந்து 1938இல் ஏழைத் தாய்மார்களுக்கென்று தொடங்கி 1949இல் எல்லாருக்கும் விரித்த மகப்பேறுப் பெட்டியில் பனிக்கால உடையும் தூங்கும் பையும் இருக்கின்றன. குளிர்தேசம் தன் குளிரை மனதில் வைத்துப் பெட்டியை நிரப்பியது. லடாக்கிலும் காஷ்மீரிலும் பள்ளி ஆண்டே குளிரை ஒட்டித்தான் அமைந்திருக்கிறது. நீண்ட விடுமுறை அங்கே கோடையில் வருவதில்லை, பனிக்காலத்தில் வருகிறது. மேல்மலைப் பிள்ளைகளுக்கோ பள்ளி நேரமும் விடுமுறையும் சமவெளியின் வெயிலைப் பார்த்துப் போட்டவை. மே மாதத்தில், மலை இதமாக இருக்கும்போது பள்ளி மூடியிருக்கிறது. ஜனவரியில், புல் விறைத்துக் கிடக்கும்போது காலை மணி அடிக்கிறது.

இதற்குத் தேவையான மாற்றங்கள் பெரியவை அல்ல. டிசம்பர், ஜனவரியில் மேல்மலைத் தொடக்கப் பள்ளிகளும் அங்கன்வாடிகளும் வெயில் ஏறிய பிறகு தொடங்கலாம். அங்கன்வாடித் தரைக்குச் சிமென்டுக்கு மேல் கனத்த விரிப்பு வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்துதான் சின்னப் பிள்ளைகளுக்குக் குளிர் ஏறுகிறது. புகைபோக்கி வைத்த வெந்நீர் அடுப்பு வீட்டுக்கு ஒன்று வேண்டும். பிறந்த குழந்தைக்கான பெட்டகத்தில் மேல்மலைக்கு மட்டும் ஒரு கம்பளிப் போர்வையும் குல்லாவும் காலுறையும் சேர வேண்டும். அந்தக் கம்பளி மன்னவனூர் ஆடுகளுடையதாகவே இருந்தால், கத்தரிப்பதும் நூற்பதும் நெய்வதும் இங்குள்ள பெண்களுக்கு வேலையாகவும் ஆகும்.

கவுஞ்சிக்கும் பூண்டிக்கும் கிளாவரைக்கும் போகும் பேருந்து மன்னவனூரில் நின்று ஆள் ஏற்றுகிறது. கையில் பால் பாக்கெட்டும் மடியில் பிள்ளையுமாக உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால், அவர்கள் கேட்பது இன்னும் சிறியது. பிள்ளைக்கு ஸ்வெட்டர் தருகிறார்கள், நல்லதுதான். அது ஜூன் மாதம் பாடப்புத்தகத்தோடு சேர்ந்தே கைக்கு வந்துவிட வேண்டும். கார்த்திகைக் கடைசியில் முதல் பனி விழும். அதற்குள் அளவு சரியில்லாததை மாற்றி, கை நீளத்தைப் பிரித்துத் தைக்க அம்மாக்களுக்கு நேரம் வேண்டும்.